ஒட்டாத விமானம்

தியாகதுருகம் மலைக்கோட்டைக்குப் பின்னால் வெயில் சாய்கிறது. கூடத்து மேசையில் செய்தித்தாளை விரித்து, கொளஞ்சியப்பன் அந்த அட்டைப்பெட்டியைத் திறக்கிறார். கப்பலில் வேலை பார்த்த அண்ணன், இவர் பள்ளிக்கூடம் படிக்கும்போது சீமையிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் விமானம். துண்டு துண்டாக இருப்பதை நாம்தான் பசை தடவி ஒட்டிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் ஒட்டிக் கெடுத்துவிடக் கூடாதென்று, பரீட்சை முடியட்டும், கல்யாணம் ஆகட்டும், ரிட்டையர் ஆகட்டும் எனத் தள்ளிப்போட்டே வந்தவர், இன்று புதுப் பசை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூடிப் படத்தில் விமானம் இன்னும் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கிறது. உள்ளே இறக்கைகள் இளகி, ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றின் மேல் வட்ட வட்டமாய்க் குழிகள். ஒரு குழியில் கரைந்தது போக மிச்சமிருக்கும் அந்துருண்டை பதிந்திருக்கிறது. அதன் நெடி மூக்கில் ஏறுகிறது.

"இன்னாங்க ஆச்சி?" மனைவி ஜெயம்மாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள். "பூச்சி கீச்சி அரிச்சிடப் போவுதுன்னு நான்தான் வருசா வருசம் போகிக்கு உருண்டை மாத்திக்கினு வந்தேனே."

அவர் விரல் நுனியைக் குழிக்குள் வைக்கிறார். உருண்டைதான் உருக்கியிருக்கிறது என்பது இப்போதுதான் புரிகிறது.

"ஒண்ணும் இல்ல. ரொம்பப் பழசாயிடுச்சி, அதான்."

திறக்காத பசையையும் உள்ளே வைத்து, பெட்டியை மூட மூடியைக் கையில் எடுக்கிறார்.

"இருங்க, இருங்க." உள்ளே போய் வந்தவள், புது உருண்டைகளை ஒவ்வொரு மூலையிலும் பார்த்துப் பார்த்து வைக்கிறாள். அவள் வைத்து முடிக்கும்வரை அவர் மூடியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.