நாலு நாள் தறி

பெண்களுக்குத் தறி வழங்கும் விழா வாடிப்பட்டியில் முடிந்த நாலாம் நாள், ஜெயக்கொடி வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது.

"தறியை ஏத்துங்கப்பா," என்றார் அதில் வந்திறங்கிய அதிகாரி.

"ஏன் சார்? 'பை நெய்யி, சொந்தக் கால்ல நில்லு'ன்னு மந்திரி எனக்குக் குடுத்ததுதானே இது!"

"குடுத்த போட்டோதான் பேப்பர்ல வந்திருச்சே! சாயங்காலம் திருமங்கலத்துல விழா. இதைத்தான் அங்கயும் குடுக்கணும்."

"அப்ப நான் எதுல நெய்ய? என் தலைமயித்துலயா?"

"வாயை அடக்கு. உனக்கு அடுத்த வருசம் பாப்போம்."

ஆட்கள் தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலை அறுக்கக் கத்தியை எடுத்தார்கள்.

"அறுத்தீங்க, கையை ஒடிச்சுருவேன்! நான் நெய்த துணி உருளையில சுத்திக் கெடக்கு. அப்படியே தூக்கிட்டுப் போங்க!" என்று கத்தினாள் ஜெயக்கொடி.

"அதுவும் நல்லதுதான். மேடையில எடுப்பா இருக்கும்," என்று சிரித்தார் அதிகாரி.

மாலையில் திருமங்கலம் மேடையில், போட்டோக்காரர் கேட்டுக்கொண்டதால், அமைச்சர் உருளையிலிருந்த துணியை விரித்துப் பிடித்தார். சிவப்பு நூலில் பெரிய பெரிய எழுத்துகள். தறியைப் பெற்றுக்கொண்டு நன்றி சொல்ல வந்த சின்னத்தாய், அதை எழுத்துக்கூட்டி மைக்கிலேயே படித்தாள்:

"அமைச்சர் ஐயா எனக்குத் தந்த தறியில் நெய்த முதல் பை. ஜெயக்கொடி, வாடிப்பட்டி."