சந்தேகம் சார்

"கலோரின்னா என்னம்மா? அதுவும் வைட்டமின் மாதிரி ஒரு சத்தா?"

கடைசி வரிசையிலிருந்து கேள்வி வந்ததும் வகுப்பே குலுங்கிச் சிரித்தது.

கிளினிக் மாடியில் வாராவாரம் நடக்கும் எடை குறைப்பு வகுப்பு அது. கேட்டவருக்கு அங்கே எல்லாருமாகச் சேர்ந்து வைத்த பேர் சந்தேகம் சார். ஆளோ ஊதினால் பறந்துவிடுகிற ஒல்லி. இவருக்கு எதற்கு இந்த வகுப்பு? ஏசி காற்றுக்கும் ஓசி டீக்கும் வருகிறார் என்று பேங்க் மேனேஜர் அம்மா முதல் நாளே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

சந்தேகம் சாருக்குப் பக்கத்து நாற்காலியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிற அக்கா. அவளும் சிரித்தாள். சிரித்தாளே தவிர, காது ரெண்டையும் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். கலோரி என்றால் என்னவென்று சத்தியமாக அவளுக்கும் தெரியாது.

"சத்து இல்ல சார். சாப்பாட்டுல இருந்து உடம்புக்குக் கிடைக்கிற சக்தியோட அளவு அது" என்றாள் வகுப்பு எடுக்கிற டயட்டீஷியன் பெண். "செலவாகுறதை விடக் கம்மியா சாப்பிட்டா, உடம்பு சேத்து வச்ச கொழுப்பை எடுத்துச் செலவு பண்ணும். அதைத்தான் கலோரி டெஃபிசிட்னு சொல்றோம்."

அட, வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி. இவ்வளவுதானா? வேன்கார அக்காவுக்கு மூச்சு வந்தது.

அவளுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது. "மூணு மாசம் டைம் தரேன், எடையைக் குறைங்க. இல்லேன்னா மாத்திரைதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுடைய அம்மாவால் அப்படி ஆரம்பித்த மாத்திரையைக் கடைசி மூச்சு வரைக்கும் விட முடியவில்லை. அந்தப் பயத்தில்தான் வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்தால், பாதி வார்த்தை தலைக்கு மேலே போகிறது. வாயைத் திறந்து கேட்கலாமென்றால் சுற்றிலும் படித்தவர்கள், மானம் போய்விடும்.

நல்லவேளை, அவளை விடப் பெரிய மக்கு ஒருத்தர் பக்கத்தில் இருந்தார்.

அடுத்த வாரம் அந்த மக்கு இன்னும் ஒரு படி மேலே போனார்.

"சுகர் ஃப்ரீ பிஸ்கட்டுன்னா பயமில்லாம சாப்பிடலாம்ல? நூத்தி இருபது கலோரின்னுதான் போட்டிருக்கான். நான் ஒரு பாக்கெட்டை ஒரே மூச்சுல முடிச்சுடுவேன்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேன்கார அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகளை ஸ்கூலில் இறக்கிவிட்டு, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து தினமும் அவள் செய்கிற காரியமும் அதேதான்.

"அந்த நூத்தி இருபது ரெண்டே ரெண்டு பிஸ்கட்டுக்கு சார். பக்கத்துல ஒரு சர்விங்னு பொடி எழுத்துல இருக்கும். அதுவும் போக, சர்க்கரை போடலேன்னாலும் மைதா இருக்கே. அது கார்போஹைட்ரேட். உள்ள போனா அதுவும் சர்க்கரையாத்தான் மாறும்."

அன்றைக்கே பிஸ்கட்டுக்கு முழுக்குப் போட்டாள். டப்பாவில் வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் ஏறின. போட முடியாமல் கிடந்த பழைய சட்டைகள் ஒவ்வொன்றாக பீரோவை விட்டு வெளியே வந்தன. "யாருங்க நீங்க, எங்க வீட்டுக்காரி எங்க?" என்று புருஷன் வாசலில் நின்று கேலி பண்ணினான். கெடு முடிந்து ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், "மாத்திரை வேண்டாம்மா" என்றார். வேனை ஓட்டினாளா, பறந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

அந்தச் சந்தோஷத்தோடு அன்றைய வகுப்புக்கு வந்தால், சந்தேகம் சார் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"இந்த மெட்டபாலிசம்னா என்னம்மா?"

பேங்க் மேனேஜர் அம்மா பொறுக்க முடியாமல் திரும்பிவிட்டார். "சார், ஒண்ணு படிச்சுட்டு வாங்க, இல்லே வராதீங்க. உங்க ஒருத்தரால எங்க எல்லார் நேரமும் வீணாகுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேன்கார அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் இன்னமும் பிஸ்கட்டைத்தான் தின்றுகொண்டிருப்பாள். டயட்டீஷியனைப் பார்த்து எழுந்தே விட்டாள்.

"மேடம், அது எனக்கும் தெரியாது. போன வாரம் சொன்ன நார்ச்சத்தும் புரியல. எனக்காகச் சொல்லுங்க."

 இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"சும்மா படுத்துக் கிடந்தாலும் மூச்சு விட, இதயம் துடிக்கன்னு உடம்பு உள்ளுக்குள்ள சக்தியைச் செலவழிச்சுக்கிட்டே இருக்கும்க்கா. அந்த வேலைதான் மெட்டபாலிசம். நார்ச்சத்து சீக்கிரம் ஜீரணமாகாது. அதனால வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், சர்க்கரையும் சட்டுனு ஏறாது."

வகுப்பு முடிந்தது. சந்தேகம் சார் டயட்டீஷியனிடம் ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து இவள் போய் நின்றாள்.

"மேடம், எனக்கு மாத்திரை வேண்டாம்னுட்டாங்க."

"அப்படியாக்கா? ரொம்ப ரொம்ப சந்தோஷம்."

"அது சந்தேகம் சார் புண்ணியம். ஒரு உதவி பண்ணணும் நீங்க. அவர் பாவம், ஒண்ணும் தெரியாத மனுஷன். நாலு பேர் முன்னால பேச்சு வாங்காம, அவருக்குத் தனியா உட்கார்ந்து சொல்லிக் குடுங்களேன்."

டயட்டீஷியன் பெண் சிரித்துவிட்டாள்.

"அவருக்கு நானா? எனக்குக் காலேஜ்ல இந்தப் பாடத்தை நடத்தின புரொபசரே அவர்தான்க்கா. யார் புரியாம முழிக்கிறாங்கன்னு பார்த்து, அவங்க பக்கத்துல உட்கார்ந்து, அவங்க கேள்வியை அவர் கேட்பார். நீங்களே கேட்க ஆரம்பிச்சுட்டீங்களாம். அதனால அடுத்த வாரத்துல இருந்து பேங்க் மேனேஜர் அம்மா பக்கத்துல உட்காரப் போறாராம். மெட்டபாலிசம் அவங்களுக்கும் புரியலையாம்."