இரண்டு காதிலும் டிராம் மணி

"தமயந்தி, கார்டுல இருக்கற நம்பரை சார்கிட்ட படிச்சுச் சொல்லு" என்று அம்மா ரிசீவரை என் கையில் திணித்தாள்.

அதற்குள் அவள் பத்து நிமிடம் பேசியிருந்தாள். மெட்ராஸ் வரை கேட்க வேண்டுமே என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். அப்பாவுக்குக் கார்டு கொடுத்த பேங்கின் மெட்ராஸ் ஆபீசிலிருந்து பேசுகிறாராம். ஊர் கும்பகோணம் பக்கமாம்.

கல்கத்தாவில் போனை எடுத்ததும் மறுமுனையில் தமிழ் கேட்டால், அம்மாவுக்கு அவர் பேங்க்காரர் இல்லை. பெரியப்பா பிள்ளை.

அந்தக் கிரெடிட் கார்டு அப்பாவின் பெயரில் இருந்தாலும் கம்பெனி கொடுத்தது. டூர் போகும்போது மட்டும் எடுத்துப் போவார். மற்ற நாட்களில் அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கும். அதன் எண்ணைப் போனில் சொன்னாலே பெரிய ஹோட்டல்களில் ரூம் கொடுத்துவிடுவார்கள் என்று அப்பா எங்களிடம் அதிசயமாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாராவது அப்படிச் சொன்னால் தன் வேலை போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவதாகச் சொன்னதை மறந்து, அம்மா கார்டை எடுத்துவந்து மேஜைமேல் போட்டிருந்தாள். புடைத்து நின்ற அந்தச் சின்ன எண்கள் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்பதுதான் அவள் கவலை.

எனக்குப் போன் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போகிறவள் நான்.

கார்டை மாற்ற வேண்டும், இன்றைக்குள் நம்பர் வராவிட்டால் அப்பாவுக்குத்தான் கஷ்டம் என்றது குரல். மிருதுவான குரல். வாய்க்கு வாய் தங்கச்சி என்றது.

அப்போது டிராம் மணி அடித்தது.

ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் மணி அதிசயமில்லை. எங்கள் பால்கனிக்குக் கீழேதான் தண்டவாளம். ஆனால் இந்த மணி இடது காதில் பால்கனி வழியாக வந்தது. வலது காதில் ரிசீவர் வழியாகவும் வந்தது.

மெட்ராஸில் டிராம் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

வயரை இழுத்துக்கொண்டு பால்கனிக் கதவு வரை போனேன்.

எதிர்ப்பக்கம் ஷங்கர்தாவின் மருந்துக்கடை. கவுண்டரில் இருக்கும் போனில், இஸ்திரி போட்ட சட்டைக்காரன் ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். கிழித்த சிகரெட் பெட்டியும் பேனாவும் தயாராக இருந்தன.

நான் ரிசீவரை அம்மாவின் காதில் வைத்து, எதிரே கையைக் காட்டினேன்.

அங்கே அவன் உதடு அசைந்தது. இங்கே அம்மாவின் காதில் மெட்ராஸ் பேசியது.

அம்மாவின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. ரிசீவரை என்னிடமே கொடுத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள்.

அவள் போய்ச் சேரும்வரை அவன் அங்கேயே நிற்க வேண்டும். போனை வைத்தானானால் மார்க்கெட் கூட்டத்தில் கலந்துவிடுவான். நாளைக்கு நான் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து மறுபடி தமிழ் பேசுவான்.

"சொல்றேன் சார், எழுதிக்குங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

எட்டு என்றேன். அவனும் எட்டு என்று சொல்லிக்கொண்டே எழுதினான். ஒண்ணு என்றேன்.

ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே நிறுத்தி மூச்சு விட்டேன். மூணு சொன்னபோது அம்மா வாசலில் தெரிந்தாள். நாலு சொன்னபோது ஒரு பஸ் குறுக்கே வந்து அவளை மறைத்தது. பஸ் போகிறவரை, சரியாகக் கேட்டதா என்று கேட்டு, அந்த நாலையே இன்னும் இரண்டு தடவை சொன்னேன். சைபருக்கு அவள் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டாள்.

அவன் எரிச்சல்படவில்லை. அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றான். படித்த பெண் என்பது பேச்சிலேயே தெரிகிறதாம்.

எட்டாவது எண்ணைச் சொல்லி முடித்தேன். ரிசீவரில் ஏதோ பாட்டில் விழுந்து உருண்டது. ஷங்கர்தா வங்காளத்தில் என்ன என்ன என்று கேட்டார். பிறகு அம்மாவின் குரல் வந்தது. ஒரு தெருவின் அகலம்தான் தூரம் என்றாலும், மெட்ராஸுக்குக் கத்துவதுபோலவே கத்தினாள்.

"போதும்டி தமயந்தி. ஆளு சிக்கிட்டான்."

ஒரு கையில் ரிசீவர், மறு கையில் அவனுடைய சட்டைக் காலர். கடைக்கு வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். போலீஸுக்கு ஆள் ஓடியது. அம்மா தனக்குத் தெரிந்த மார்க்கெட் வங்காளத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். வார்த்தை அகப்படாத இடங்களிலெல்லாம் "ஆமார் மேயே, ஆமார் மேயே" என்று பால்கனியைக் காட்டினாள். என் பெண், என் பெண்.

நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்க, ரிசீவரும் கையுமாக அங்கேயே நின்றேன்.

கடைசியில் அவளுக்குத்தான் அது நினைவு வந்தது. முதல்முறையாகக் குரல் தணிந்தது.

"ஏண்டி, அந்த நம்பரையா சொன்னே?"

இல்லை என்றேன். கார்டு மேஜைமேல் கவிழ்ந்தபடியே கிடந்தது. நான் அதைத் திருப்பவே இல்லை.

பின்னே எதைச் சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

தமிழ், எண்பத்தொன்று. இங்கிலீஷ், முப்பத்துநாலு. கணக்கு, ஒன்பது, முன்னால் ஒரு சைபரும் போட்டிருந்தார்கள். சயின்ஸ், இருபத்தேழு.

பள்ளிக்கூடம் போனது போதும் என்று என்னை வீட்டில் உட்காரவைத்த மார்க் ஷீட். ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ள, அதை நான் தலைநிமிர்ந்து சொன்னது அன்றைக்குத்தான்.