புரோட்டா மாஸ்டரின் குரல்

சுகாதாரத் துறைக்கு விழிப்புணர்வு வாசகம் எழுதுவது ஜெனோவாவின் வேலை. அவள் எழுதியதை, கேட்பவர் யார் பேச்சுக்குக் கட்டுப்படுவாரோ அவர் குரலிலேயே போன் சொல்லிவிடும். தூத்துக்குடியில் பாதிப் பேருக்கு அவரவர் அம்மாதான் பேசினாள்.

ஜெனோவாவின் கணவன் தொபியாஸ் பல வருடமாக இதயப் பரிசோதனைக்கு டிமிக்கி கொடுத்துவந்தவன். திடீரென்று ஒருநாள் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். அடைப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, மாத்திரை போதும் என்றார்களாம்.

ஜெனோவாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "போன்ல எங்குரலக் கேட்டதும் பயந்துட்டீகளாக்கும்?"

தொபியாஸ் தரையைப் பார்த்தான். "இல்ல... நம்ம புரோட்டாக் கடை சுடலை மாஸ்டர் குரலு. அவரே எண்ணெயக் கொறைன்னா, விஷயம் பெருசுதான?"

இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே கிடப்பதைப் பார்த்தாள். கோபத்தை விழுங்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள்.

"என்னம்மா, பார்சலா?" என்றார் சுடலை.

"இல்ல அண்ணாச்சி. அவுக மாத்திரை போட மாட்டேங்காக. நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

சுடலைக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு அவள் கணவனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டு நீட்டிய போனை வாங்கினார். "ஏல தொபியாஸு, மாத்திரையப் போடுடே."

"சரி மாஸ்டர்" என்றான் தொபியாஸ், கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத பணிவோடு.