ஸ்ட்ரெச்சர் மேல் ஒருத்தி

கணவனை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஸ்ட்ரெச்சர் மேலேயே ஒருத்தி ஏறி உட்கார்ந்திருந்தாள்.

போன் வந்ததும் துணிக்கடைக் கல்லாவை அப்படியே போட்டுவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவளுக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்த கணவன் முகம் அப்புறம்தான் தெரிந்தது.

அந்தப் பெண் புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அவன் தொடை இடுக்கில் இரண்டு கைகளையும் வைத்து, உடம்பின் பாரம் முழுக்கப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். கூந்தல் அவிழ்ந்து தொங்கியது. ஒரு காலில் செருப்பு இல்லை.

“யாரு நீ? முதல்ல இறங்கு,” என்று கத்தினாள் மனைவி.

அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தள்ளிக்கம்மா,” என்று நர்ஸ்தான் அதட்டினாள். “பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கு. இறுக்கிக் கட்ட முடியாத இடம். அவங்க கையை எடுத்தா ஆள் போயிடுவார்.”

ஸ்ட்ரெச்சர் அந்தப் பெண்ணையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனது. கதவு மூடிக்கொண்டது. தரையில் ரத்தம் கோடு போட்டிருந்தது.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அக்கா அதற்குள் செக்யூரிட்டியைப் பிடித்துவிட்டாள். “அந்தப் பொம்பளை யாருப்பா?”

“தெரியலம்மா. ஆம்புலன்ஸ்ல இருந்தே இப்படித்தான் வந்து இறங்கினாங்க. பைக்ல வந்தவங்கன்னு பேசிக்கிட்டாங்க.”

அக்கா தங்கையைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

“லிஃப்ட் ரிப்பேர் பார்க்கறவனுக்கு, வேலை நேரத்துல, பின் சீட்ல ஒருத்தி எதுக்கு?”

“சும்மா இரு அக்கா. அவர் உள்ள உயிருக்குப் போராடிட்டு இருக்கார்.”

“நான் ஒண்ணும் சொல்லலடி. யாரோ எவனோ ஒருத்தனுக்காக எவளாவது இப்படி உசிரைக் குடுத்துப் பிடிப்பாளா? நீயே யோசிச்சுப் பாரு.”

யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கடவுளே காப்பாத்து என்று வேண்டிக்கொள்ளும்போதே நடுவில் அந்த அவிழ்ந்த கூந்தல் வந்து நின்றது. அவன் புதுச் சட்டை வாங்கியது, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பேசியது எல்லாம் வரிசை கட்டின. பிழைச்சா போதும். பிழைச்சு வரட்டும், அப்புறம் இருக்கு அவருக்கு.

தியேட்டர் கதவு திறந்தது. டாக்டர் ஒருவர் அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்து எதிர் பெஞ்சில் உட்கார வைத்தார். அவள் விரல்கள் மடங்கினது மடங்கினபடியே விறைத்துப் போயிருந்தன.

டாக்டர் அவளிடம் குனிந்து சொன்னார். “உங்க வீட்டுக்காரர் பிழைச்சுட்டாரும்மா.”

அந்தப் பெண் வெடுக்கென்று நிமிர்ந்தாள். “நிஜமாவா? பார்த்தீங்களா?” என்றவள், புறங்கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“ரத்தத்தை நிறுத்தியாச்சு. விலா எலும்பு நுரையீரலைக் குத்தியிருந்தது, அதுக்கும் டியூப் போட்டாச்சு. தைச்சு முடிக்க நேரமாகும், ஆனா இனி பயமில்ல. நாங்க சொல்ற வரைக்கும் உங்க கை இம்மிகூட நகரலையே. புருஷன் மேல இவ்வளவு பாசமா இருக்கறவங்களை நான் பார்த்ததில்ல.”

மனைவி எழுந்து வந்தாள். கணவன் பிழைத்துவிட்டான் என்ற சேதியில் சந்தோஷப்படவும் முடியவில்லை.

“டாக்டர், நான்தான் அவர் மனைவி.”

டாக்டர் இவளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, “மன்னிச்சுக்கங்க” என்றபடி போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் அழுகை நின்றுவிட்டது. சற்றுமுன் முகத்தில் வந்த வெளிச்சமும் அணைந்துபோனது.

“மாட்டிக்கிட்டா,” என்றாள் அக்கா, காதோரமாக.

மனைவி போய் அவள் முன்னால் நின்றாள். “எத்தனை நாளா அவரைத் தெரியும் உனக்கு?”

“யாரைம்மா?”

“உள்ள படுத்திருக்காரே, அவரை.”

“தெரியாதும்மா. பேர்கூடத் தெரியாது.”

“பேர் தெரியாத ஆள்கூடத்தான் பைக்ல வந்தியா?”

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் விழித்தாள். அதற்குள் ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“அக்கா, உங்களை எங்கெல்லாம் தேடறது? உங்க வீட்டுக்காரரை ரெண்டாவது வண்டியில கொண்டு வந்தாச்சு. எக்ஸ்ரே எடுத்துட்டு இருக்காங்க. ஒரு கால் நொறுங்கிப்போச்சு, உயிருக்கு ஒண்ணுமில்ல. நினைவோடதான் இருக்கார். நீங்க எங்க எங்கன்னு கேட்டுட்டே இருக்கார்.”

“இவங்க வீட்டுக்காரரா?” மனைவி ஊழியர் பக்கம் திரும்பினாள். “அவர் எப்படி...”

ஊழியர் அப்போதுதான் இவள் யாரென்று ஊகித்தவராகத் தயங்கினார்.

“உங்க வீட்டுக்காரர் ராங் சைடுல வந்து இடிச்சது இவங்க வண்டியிலதாம்மா. நான் ஒருத்தன்தான் இருந்தேன், கை பத்தல. இந்த அக்கா கையைப் பிடிச்சு வச்சு, இங்க அழுத்துங்க, எடுத்தா இவர் செத்துடுவார்னு சொன்னேன்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க வீட்டுக்காரர் அங்க அடிபட்டுக் கிடந்தாரே,” என்று திக்கித் திணறிக் கேட்டாள் மனைவி. “உங்களைக் கூப்பிடலையா அவர்?”

“கூப்பிட்டுக்கிட்டேதாம்மா இருந்தார். போகணும்னா இங்க கையை எடுக்கணுமே.”