கடைசி வார்த்தையின் முதல் எழுத்து

லுங்கிக் கட்டை மாரோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து, அறை மூலையில் திணித்தார் ராசப்பன்.

பத்தாவது கட்டு. மூலை அடைபட்டது.

எதிரொலி அடங்க, எதிர்ச் சுவரில் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டாயிற்று. தறிகளையும் நிறுத்தியாயிற்று.

"சிமெண்டுச் சுவருங்கண்ணா. ஸ்பீக்கர் பெட்டிய மூலையில ஒட்டி வெச்சா கும்முனுதான் கேக்கும். முன்னால இழுங்க," என்றான் ரேடியோ கடை பச்சமுத்து. "ஆனா திருப்பித் திருப்பிப் போட்டு டேப்பு நைஞ்சு போச்சு. இன்னும் ஒருக்காத்தான் தாங்கும்."

மகன் பாலசுந்தரம் பம்பாயிலிருந்து பேசி அனுப்பிய கேசட். போன வெள்ளிக்கிழமை காலையில் பதிந்து, அன்றைக்கே தபாலில் சேர்த்திருக்கிறான்.

ரூம், சாப்பாடு, மழை எல்லாம் ஒருவாறு புரிந்தது. முடிவில் "அப்பா, நான்" என்கிறான். அடுத்த எழுத்தை அந்தக் 'கும்' சத்தம் விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது வெறும் 'ரேன்'.

வாரேனா, போறேனா?

குமாரபாளையத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன் எவனும் 'போறேன்' என்று சொல்ல மாட்டான். வாய் தவறியும் வராது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்பன் கையால் அறை வாங்கிய அன்று, பாலசுந்தரம் வாசலில் நின்று அதைத்தான் சொன்னான். நிதானமாக, அழுத்திச் சொன்னான்.

இப்போதும் அதையே சொல்லியிருந்தால் ராசப்பனுக்கு இனி தூக்கமில்லை.

ஸ்பீக்கர் பெட்டிகளை மூன்று முழம் முன்னால் இழுத்தார். உள்பக்கமாகத் திருப்பினார். நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

மனைவி சௌந்திரம் கதவோரம் நின்றாள். ஃபேனை அணைத்தது அவள்தான்.

பச்சமுத்து பொத்தானை அமுக்கினான்.

ரூம். சாப்பாடு. மழை. ஒவ்வொரு சொல்லும் எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி தெளிவாக விழுந்தது. ராசப்பன் மூச்சை அடக்கினார்.

"அப்பா, நான் வாரேன்."

அடுத்த கணம் டேப் அறுந்து, சக்கரம் மட்டும் சுற்றியது.

ராசப்பன் திரும்பி மனைவியைப் பார்த்தார். கேட்டாயா என்று கண்ணால் கேட்டார்.

கேட்டிருந்தாள். ஐந்து நாளாகத் திறக்காத வாயைத் திறந்தாள்.

"அப்ப அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் மாடியிலிருந்து அவனா குதிச்சுச் சாகலீங்க. தவறித்தான் உளுந்திருக்கான்."