மேனேஜரின் குளியல்

மனித குலத்தின் மறதியை ஒழித்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை வேலைகள் அனைத்தும் ஒரே செக்லிஸ்ட் ஆப்பில் இருக்கின்றன. வாராவாரம் நகலெடுத்தால் போதும், பழைய டிக்குகள் அழிந்து பட்டியல் புதிதாகிவிடும். எங்கள் நாய் மேனேஜர் செத்த அன்றே, 'மேனேஜரைக் குளிப்பாட்டு' என்ற வரியை நீக்கிவிட்டேன். அம்மாதான் இன்னும் அவனுக்காகப் பின்கதவைத் திறந்து வைக்கிறாள்.

"ஏம்மா, செத்த நாய் சாவியத் தொலைச்சிட்டு நிக்குதா?"

"உனக்கென்னடா, ஒரு வரிதானே. அழிச்சிட்ட."

இந்த ஞாயிறும் நகலெடுத்தேன். கட்டங்கள் எல்லாம் காலி. கடைசியில் 'மேனேஜரைக் குளிப்பாட்டு' இருந்தது. அதற்கு மட்டும் டிக் விழுந்திருந்தது.

குளியலறையிலிருந்து அம்மா கேட்டாள்: "அவன் துண்டு ஏன்டா ஈரமா இருக்கு? நீயா அலசின?"

பின்கதவு காற்றில் சாத்திக்கொண்டிருந்தது. எழுந்துபோய், அவன் உடம்பு நுழையும் அளவுக்குத் திறந்து வைத்தேன்.